அத்தா தம் காலுக்கு வரைந்த தையல்கோடு

முதல் அறுவை அத்தாவின் உயிரைக் காப்பாற்றியது. தையல்தான் அவருக்குத் திருப்தி தரவில்லை.

தோல்கட்டு ஏற்றிய லாரியின் சக்கரம் ஏறியதில், அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே முக்கால் சாண் அளவே மிஞ்சியிருந்தது. அவசரத்தில் போட்ட தையல் சரியாக அடிமுனையில் விழுந்து, தழும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டது. மரக்காலை மாட்டி நாலடி வைத்தால் புண், கழற்றிவைத்தால் ஆறும், மறுபடி மாட்டினால் மறுபடி புண். இலக்கிய வகுப்பில் சேர்ந்திருந்த நான் அவ்வாண்டு விடுமுறைகளை ஆஸ்பத்திரி பெஞ்சில் கழித்தேன்.

வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து வந்துபோன சர்ஜன் இளைஞர். காலை மறுபடி திறந்து சீர்செய்யலாம் என்றார் அவர். ஆறிவிட்டால் முழங்கால் தங்கும்; அத்தா மடக்கி நீட்டி நடப்பார். சீழ் பிடித்தால் முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியிருக்கும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தாவின் கவலையோ வேறாக இருந்தது. பேகம்பூரில் முப்பது வருடம் தோல் பதனிட்டவர் அவர்.

"டாக்டரய்யா, பாரம் எறங்குற எடத்துல எவனாச்சும் தையலப் போடுவானா? செருப்புத் தைக்கிறவன்கூடச் செய்ய மாட்டானே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சர்ஜனுக்குக் கோபம் வரவில்லை.

"அதத்தான் மாத்தப் போறேன் பாய். முன்பக்கத் தோலு மெல்லிசு, ரத்த ஓட்டமும் கம்மி. பின்பக்கத் தோலக் கெண்டைச் சதையோட சேத்து நீளமா விட்டு, அடியிலேருந்து தூக்கி முன்னால தச்சிருவேன். எலும்பு முனைக்குச் சதையே மெத்தையாயிரும்."

எலும்பின் கூர்முனையை அரத்தால் மழுக்குவதையும், பக்கத்துச் சிற்றெலும்பை இன்னும் ஒரு விரற்கடை குறைப்பதையும் அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். அத்தா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சம்மதிக்க அந்தப் படம் போதுமானதாக இருந்தது. சும்மா இருக்கத்தான் போதவில்லை.

அறுவை நாளன்று காலை நான் போனபோது, அம்மா கட்டிலருகே திகைத்து நின்றிருந்தார்.

"என்னங்க இது, நாக்கெல்லாம் ஊதாவா இருக்கு? மருந்த மாத்திக் குடுத்துட்டாங்களா?"

மருந்தன்று, ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் என் காப்பியிங் பென்சில். அத்தா அதை நாக்கில் நனைத்து நனைத்து, தம் கெண்டைக்காலின் மேல் வெட்டவேண்டிய இடத்தை அழகாக வளைத்து வரைந்திருந்தார். நர்ஸம்மா ஸ்பிரிட்டால் துடைக்கத் துடைக்க ஊதா பரவியதே தவிரப் போகவில்லை. சர்ஜன் வந்தார், பார்த்தார், நாடாவை எடுத்து அளந்தார்.

"அளவு கச்சிதமா இருக்கு பாய். தப்பே அதான்."

"கச்சிதமா இருந்தா தப்பா?"

"தோலு பத்தலைன்னா எப்பிடி மூடுவீங்க?"

"ஒரு விரக்கடை பத்தலைன்னா பலகையில ஆணியடிச்சு இழுத்துக்கலாமே. இழுத்தா தோலு நீண்டு குடுக்கும்."

"செத்த தோலு குடுக்கும். இது உசுரோட இருக்கு. வெட்டுன ஒடனே உள்ளுக்குச் சுருங்கும். இழுத்துத் தச்சா ரத்தம் ஓடாம கறுத்துரும். அப்பறம் முழங்காலும் போயிரும்."

அத்தா எவரிடமும் தோல் விஷயத்தில் தோற்று நான் பார்த்ததில்லை. அன்று தம் காலையே நெடுநேரம் பார்த்துவிட்டு, தையல்கடைக்கு வந்த ஆள்போல, "அப்பன்னா ரெண்டு விரக்கடை கூட விட்டுப் போடுங்க" என்றார்.

"கூடுனா நறுக்கிக்கலாம்" என்றார் சர்ஜன்.

அறுவை முடிந்தபின் வந்த நாட்களில் எங்கள் அச்சமெல்லாம் கட்டுக்குள் ஒளிந்திருந்த தையலோரத்தைப் பற்றியதாயிற்று. தோல் அழுகினால் வாடையே முதலில் சொல்லும் என்பது அத்தாவின் தொழிலறிவு. ஆனால் தோல் பதனிடும் ஷாப்பின் வாடையில் ஊறிய தம் மூக்கை அவரே நம்பவில்லை. கல்யாணமான நாள்முதல் அவருடைய சட்டை வாடையைக் குறைசொல்லிவந்த அம்மாவை அழைத்தார்.

"ஒனக்குத்தான் இந்த விஷயத்துல தேர்ச்சி. வந்து மோந்து பாரு."

"நல்லா இருக்கே ஒங்க நாயம்!" என்றவர், கட்டின்மேல் குனிந்து கண்ணை மூடி மோந்தார். "டெட்டால் வாடதான் அடிக்குது."

சர்ஜன் கட்டைப் பிரித்து, முன்புறம் ஏறியிருந்த தோலை விரலால் அழுத்தினார். வெளுத்த இடம் மெல்லச் சிவந்தது. "பொழச்சிருச்சு" என்றார். அத்தா தையலை ஆராய்ந்து, ஓரிடத்தில் கோணல் என்றார்.

சில மாதங்களுக்குப் பின், புதிய கால் மாட்டி முதன்முறையாகப் பஸ்ஸில் போனோம். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து அத்தா முழங்காலை மடக்கினார், நீட்டினார், மடக்கினார். மரப்பாதம் முன்சீட்டில் இடித்தபடி இருந்தது. முன்சீட்டில் இருந்தவர் குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி போலும். மடியிலிருந்த வெங்காயப் பையை இறுக்கிக்கொண்டு திரும்பினார்.

"ஏப்பா, எதுக்கு அப்பலேருந்து ஒதைக்கிறே?"

அத்தாவின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"கேட்டியா? ஒதைக்கிறேனாம்" என்று அம்மாவிடம் சொன்னார். முன்சீட்டுக்காரரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டார். பிறகு, மெதுவாகத்தான், இன்னொரு முறை உதைத்தார்.