கரைத்து வைத்த ஆரத்தி

அம்மாவின் பித்தளைத் தட்டு இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கிற தட்டு. பழனிக்குப் போய் மொட்டையோடு வந்தாலும் சரி, பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்தாலும் சரி, எங்கள் வீட்டில் அந்தச் சிவப்பு நீரைச் சுற்றி நெற்றியில் ஒரு பொட்டு வைத்த பிறகுதான் நிலைப்படி தாண்ட விடுவார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் அது நடக்கவில்லை. அவர் என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

மாமா பட்டாளத்துக்காரர். பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பா லேத் ஓட்டிய கம்பெனியிலேயே அவருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு, கோவையில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானாகப் போய் வரிசையில் நின்றவர். அப்பாவோ கட்சிக்காரர். கட்சிக் கரை வேட்டி இல்லாமல் கடைக்கு உப்பு வாங்கக்கூடப் போகமாட்டார். மாமா லீவில் வந்தால் இருவரும் சாப்பாட்டில் உட்கார்ந்து ரசம் ஆறிப்போகிற வரை சண்டை போடுவார்கள். எங்கள் பக்கத்தில் சண்டையிலும் மரியாதை குறையாது; வெளியாள் கேட்டால் விருந்து உபசாரம் என்றே நினைப்பார். “சோத்துக்குப் போற வேலைக்குச் சேவைன்னு பேரு வெக்கறீங்களே மாப்ள,” என்பார் அப்பா. “சோத்துக்குன்னா உங்க கம்பெனி போதாதுங்களா மச்சான்? ஆராச்சும் போவோணுமில்லீங்க,” என்பார் மாமா. “போனது தப்புன்னு சொல்லலீங்க. எங்க போகச் சொன்னாலும் போறீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒப்புல.” “போற எடத்த நாங்களே பேசி முடிவு பண்ணுனா அது பட்டாளமில்லீங்க, கட்சிங்க,” என்று மாமா முடிப்பார். அம்மா சிரித்துவிடுவாள். கொஞ்சம் பொறுத்து அப்பாவும் சிரிப்பார்.

மாமாவின் படைப்பிரிவை இலங்கைக்கு அனுப்பியதோடு அந்தச் சிரிப்பு நின்றது. அப்பா அப்போது படகில் தப்பி வந்தவர்களுக்காக வீடு வீடாக அரிசியும் துணியும் திரட்டிக்கொண்டிருந்தார். அமைதி காக்கப் போன நம் ராணுவமே தமிழர்களைச் சுட்டதாக அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அவருடைய கோபம் கட்சி சொல்லிக்கொடுத்த கோபம் மட்டுமில்லை. இதை இன்றும் அவருக்காகச் சொல்வேன். தொண்ணூறில் ராணுவம் திரும்பியபோது வரவேற்பதில்லை என்று அவருடைய கட்சி முடிவெடுத்தது. அப்பா அந்த முடிவை எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தார்.

மாமா வருகிற காலையில் அம்மா ஆரத்தி கரைத்துத் தட்டோடு நின்றாள். மேட்டுப்பாளையம் பஸ்ஸை விட்டிறங்கி, கறுப்புத் தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து மாமா வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அப்பா எழுந்து நிலைப்படியில் நின்றார். “வாங்க மாப்ள. உங்க ஊடுதான், வந்து சாப்பிடுங்க. ஆரத்தி மட்டும் வேண்டாமுங்க. அங்க செத்தவங்களுக்கு நான் பதில் சொல்லோணும்.” அம்மா, “ஏனுங்க, எந்தம்பிங்க,” என்றாள். தட்டை அவள் கீழே வைக்கவில்லை. மாமா அவளைப் பார்த்து, “பரவால்லக்கா. அங்க ஒரு அம்மா நம்ம தமிழ்லயே என்னைய வஞ்சாங்க. பதில் பேச எனக்கு வாய் வரல,” என்றார். பிறகு அப்பாவிடம், “நானாப் போனவன் மச்சான். அதனாலதான் பாதியில உட்டுப்போட்டு வர முடியலீங்க,” என்றார். உள்ளே வந்து சாப்பிட்டார். அன்று யாரும் சண்டை போடவில்லை. ரசம் ஆறுவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டோம். கரைத்த ஆரத்தியை அம்மா கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

லீவு முடிந்து மாமா காஷ்மீருக்குப் போனார். அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை. இறந்த செய்திதான் வந்தது. அந்த நாட்களில் பெரும்பாலும் உடலை அங்கேயே எரித்துவிடுவார்கள். அஸ்திக் கலயத்தையும் அந்தக் கறுப்புப் பெட்டியையும் கூட வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்தார். அப்பா கரையில்லாத வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோவை ஸ்டேஷனுக்குப் போனார். பெட்டியை வேறு யாரையும் தொடவிடாமல் தன் தோளிலேயே தூக்கி வந்தார். வாசலுக்கு வந்ததும் உள்ளே வராமல் நின்று, “ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வா அம்மணி,” என்றார். சாவு வீட்டில் ஆரத்தி எடுப்பதில்லை என்று அவருக்குத் தெரியாதா? அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “ஆளு வந்தப்ப வேண்டாம்னீங்க. பொட்டிக்கு எதுக்குங்க?” அந்த நேரத்திலும் அவள் மரியாதையை விடவில்லை. அப்பா பெட்டியை வாசலிலேயே இறக்கிவைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா அந்தத் தட்டை எடுக்கவே இல்லை. என் கல்யாணத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாள். இப்போது அவள் இல்லை. அப்பா என்னோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. போன வாரம் டிவியில், ஊர் திரும்பிய ஒரு படைவீரருக்கு ஸ்டேஷனில் ஆரத்தி எடுத்தார்கள். எல்லாக் கரை வேட்டிகளும் மாலையோடு முண்டியடித்தன. பிறகு, பட்டாளத்துக்குப் போவது தேசபக்தியா பிழைப்பா என்று இரண்டு கட்சிக்காரர்கள் கத்திக்கொண்டார்கள். மரியாதையில்லாத சண்டை. அப்பா அதை நிறுத்தச் சொன்னார். “அந்தத் தட்டு இருக்குதா கண்ணு?” என்று கேட்டார். “இருக்குதுங்கப்பா.” “தேச்சு வெய்யி.”

புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் வீட்டில் இருக்கின்றன. வருவதற்குத்தான் ஆளில்லை.