அது நண்டு வளை

"கலாக்கா போயிட்டாங்க" என்று போன மாதம் அண்ணன் கைபேசியில் சொன்னபோது, நான் நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் பயிற்சி விண்ணப்பப் பையோடு நின்றிருந்தேன். "எந்த ஆபீஸுக்கு?" என்று கேட்டேன். அண்ணன் அழுதான். அதன் பிறகுதான் புரிந்தது. காலையில் நெஞ்சுவலி வந்து, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அக்கா இறந்திருந்தார்.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், அக்காவை அறிந்த நீங்கள் என் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். சீர்காழிப் பக்கத்து இருளர் தெருக்களுக்காக அவர் எப்போதும் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார். எங்கள் பயிற்சி மையத்தில் அவர் களப்பணியாளர். நான் கணினியில் மனு தட்டுபவள். அவர் எட்டாம் வகுப்பு; நான் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. பேசுவது அவர் வேலை, எழுதுவது என் வேலை. கூட்டங்களில் யாராவது என்னைப் பேசச் சொன்னால், "அவ வாயத் தொறந்தா மழை வந்துரும்ங்க, அறுப்பு நேரத்துல வேணாம்" என்று காப்பாற்றிவிடுவார்.

அவருக்குப் பயமே கிடையாது என்று அடக்கத்தன்று பலர் சொன்னார்கள். எந்த அலுவலகத்துக்குள் நுழையும் முன்பும் அவர் மூன்று முறை கழிப்பறை போவது அவர்களுக்குத் தெரியாது. ஒரு முறை அது பூட்டிக் கிடந்தது. "மொதல்ல இதுக்கு ஒரு மனு எழுதுடி" என்றார்.

அறுவடை மெஷின் ஓட்டவும் பழுது பார்க்கவும் பழங்குடியினருக்கான நிதியில் நடந்த முதல் பயிற்சி பலருக்கு நினைவிருக்கும். நம் வயல்களில் மெஷின் ஓட்ட வெளி மாவட்டத்துக்காரர்கள் வந்துகொண்டிருந்த நேரம். சாதிச் சான்றிதழோடு இருபது பேர் சேர்ந்தால்தான் நிதி. இல்லையென்றால் அது வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். பதினொரு பேரிடம் சான்றிதழ் இருந்தது. இல்லாத ஒன்பது பேரில் என் அண்ணனும் ஒருவன். ஊரார் வயல்களில் எலி பிடித்துக்கொண்டிருந்தவன், மெஷினில் ஏறி உட்கார ஆசைப்பட்டான்.

சான்றிதழ் தருமுன் நாங்கள் இருளர்தானா என்று விசாரிக்க வந்த அலுவலர் எங்கள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்து, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பி.காம். என்றேன். "இருளர் வீட்டுல டிகிரியா?" என்று அண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம், "எலி பிடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோப்பை மூடினார். நான் படித்தது அண்ணனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

கலாக்கா குறுக்கே வந்தார். "எலி புடிச்சே பொழைச்சுக்கலாம்னா, நாங்க எதுக்கு சார் பயிற்சி கேக்குறோம்?"

"நீங்க பேசாதீங்கம்மா. அந்தப் பொண்ணு உங்க சாதிதானே? அதோ இருக்கு எலி வளை. வெட்டிக் காட்டச் சொல்லுங்க" என்று அவர் தெருவை ஒட்டிய வரப்பைக் காட்டினார்.

பார்த்தேன். வளையின் வாயைச் சுற்றி ஈர மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. என்னை அறியாமலே வாய் திறந்தது: "அது நண்டு வளைங்க சார்."

தெருவே சிரித்தது. அலுவலரும் சிரித்துவிட்டார். மூடிய கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மையத்துக்குத் திரும்பும்போது, "இன்னைக்கு நண்டு காப்பாத்துச்சு. நாளைக்கு டவுன்ல பொறந்து வளர்ந்த புள்ள வந்து நின்னா என்ன பண்ணும்? வரப்பே பாத்திருக்காதே" என்றார். வந்ததும் உட்காரக்கூட இல்லை, நான் தட்டத் தட்ட ஒரு மனு சொன்னார். விசாரணையில் யாரையும் எதையும் பிடித்துக் காட்டச் சொல்லக் கூடாது என்பதுதான் அதன் சாரம். நான் "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். "மேல 'மதிப்பிற்குரிய' போட்டாச்சுல்ல? அது போதும். கீழ உள்ள பணிவ எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன்.

ஒன்பது சான்றிதழ்களும் வந்தன. பயிற்சி நடந்தது. இந்தச் சம்பாவில் அண்ணன் குடவாசல் பக்கம் மெஷின் ஓட்டுகிறான். அக்காவின் அடக்கத்துக்கு வயலிலிருந்து நேராக வந்தவனின் தலையெல்லாம் வைக்கோல் தூசி.

அந்த மனுவுக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதன் நகல்தான். அவருடைய களப்பணி இப்போது என்னிடம் வந்திருப்பதால், அதில் உள்ளதை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் அடுத்த பயிற்சிக்கான விசாரணை. வேறோர் அலுவலர், மெஷின் ஓட்டக் கற்க வந்த ஒரு பெண்ணிடம், "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"அந்தக் கேள்வி வேணாம் சார். இந்தப் பொண்ணு மெஷின் ஓட்டப் போகுது. அதப் பத்திக் கேளுங்க."

நான் உட்காரவில்லை. அவர் பேனாவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"சரி, உன் பேர் என்னம்மா?"