புளோரிடாவின் சில நூறு வாக்குகளும் பூநொச்சிமுனைக் கரையும்

நானும் ரிஸ்வானும் மூன்று வருடங்களாக அமெரிக்காவை ஆண்டு வருகிறோம். நான் திருகோணமலையில் கணித ஆசிரியன். அவன் காத்தான்குடியில் சாறன் (கைலி) கடை வைத்திருக்கிறான். இணையத்தில் எங்களுக்கொரு குழு உண்டு. நடந்த வரலாற்றில் ஒரேயொரு விஷயத்தை மாற்றிவிட்டு, அதனால் என்னென்ன மாறும் என்று எழுதுவதுதான் அங்கே விளையாட்டு. இரண்டாவது மாற்றத்துக்கு அனுமதி கிடையாது. நாங்கள் கைவைத்தது 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில். புளோரிடாவில் சில நூறு வாக்குகள் மறுபக்கம் விழுகின்றன, தோற்றவர் வெள்ளை மாளிகைக்குப் போகிறார். அதன்பிறகு நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஈராக்கில் போர் இல்லை. எங்கள் திட்டப்படி, 2008இல் வென்றவர் இன்னும் வரிசையில் காத்திருக்கிறார். இன்னொருவர் அரசியல் பக்கமே வராமல் கட்டடம் விற்றுக்கொண்டிருக்கிறார் (யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை).

எல்லாம் 2004 வரை நன்றாகத்தான் போனது. அந்த வருடத்தின் கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் ரிஸ்வான் இரண்டாவது மாற்றம் ஒன்று கேட்டான். ஒரேயொரு ஆளுக்காக, சின்ன மாற்றம்தான் என்றான். யாருக்காக என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "விதி என்றால் விதி, இங்கே உணர்ச்சிக்கு இடமில்லை" என்று வாத்தியார் புத்தியில் எழுதிவிட்டேன். ஐந்து மாதம் அவனிடமிருந்து சத்தமில்லை. மாத முடிவுக்குள் அத்தியாயம் வராவிட்டால் எங்கள் அமெரிக்காவையே குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். அப்போதுதான் அவனிடமிருந்து தகவல் வந்தது: "வா மச்சான். போன்ல கதைக்க ஏலாது." பாடசாலை விடுமுறை, ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. கிளம்பிவிட்டேன்.

திருகோணமலையிலிருந்து காலை 6.15 பஸ், கட்டணம் 490 ரூபாய், தூரம் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். இடப்பக்கச் சன்னல் கிடைத்தால் விடாதீர்கள், வாகரைப் பக்கம் கடல் எட்டிப் பார்க்கும். ஓட்டமாவடியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பிளேன்டீ நன்றாக இருந்தது, வடையைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இறங்கியதும் பஸ் பாதி காலியானது. வழிநெடுக வயலில் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 10.05க்கு மட்டக்களப்பு.

காத்தான்குடி ஆறு கிலோமீற்றர். ஆட்டோவுக்கு 700 கேட்டார், 600க்கு இணங்கினார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதால் உண்மையையே சொன்னேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மனிதர் கேட்டார்: "நாடு முழுக்கக் கூட வாக்கு எடுத்த ஆள் எப்பிடித் தோத்தவர்?" ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் சின்ன மாநிலத்துக்கும் கொஞ்சம் பலம் உண்டு என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"விளங்குது. எங்கட கோயிலிலயும் அப்பிடித்தான். நிர்வாகத்துக்குக் குடிவழிக்கு ஒரு வண்ணக்கர், அதான் பொறுப்பாளர். பத்துக் குடும்பம் உள்ள குடிக்கும் ஒராள், நூறு உள்ளதுக்கும் ஒராள். எண்ணிக்கையப் பாத்தா முடியுமா?"

எங்கள் குழுவில் இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது! இவர் பாலம் முடிவதற்குள் முடித்துவிட்டார். சந்தோஷத்தில் 700ஐயே கொடுத்தேன்.

ரிஸ்வான் என்னை வாவிக்கரைக்குக் கூட்டிப்போனான். அவனுடைய அண்ணன் சலீம், அந்த ஊர் வழக்கில் காக்கா, அங்கேதான் தோணியில் இறால் பிடிக்கிறார். அவர் வரும்வரை மர நிழலில் நின்றோம். ரிஸ்வான் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்.

"காக்கா முந்தி கடல் தொழில். பூநொச்சிமுனையில வள்ளம் இருந்த. ஈராக்குல சண்டை துவங்கினதுக்குப் பொறகு அமெரிக்கன் முகாமில சமையல் வேலைக்குப் போனவர். சுனாமி அடிச்ச அண்டைக்கு இஞ்ச இரிக்கல்ல. அவரோட தொழில் செஞ்ச கூட்டாளிமார் எல்லாரும் கரையிலயே மவுத்து. இப்ப செல்லு மச்சான், நம்மட கதையில சண்டையே இல்ல. அப்ப காக்கா எங்க நிண்டிருப்பாரு?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் கேட்ட ஒரேயொரு ஆள் இவர்தான். நாங்கள் கட்டியெழுப்பிய நல்ல உலகத்தில் இவர் இறந்துபோகிறார். உணர்ச்சிக்கு இடமில்லை என்று நான் எழுதியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

ஆனால் மூளை சும்மா இருக்குமா? ஆழ்கடலில் நின்ற வள்ளங்களுக்கு அந்த அலையால் ஒன்றும் ஆகவில்லையே! அன்று காலை அவர் கடலுக்குப் போயிருந்தால்? விதியை மீறவே வேண்டாம்! நான் கத்தியதில் ரிஸ்வானின் முகம் மலர்ந்துவிட்டது.

"யார என்னத்துக்குக் கடலுக்கு அனுப்புறீங்க?"

சலீம் காக்கா கரை சேர்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முகாமுக்குள் விழுந்த குண்டு அவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டது. ஊன்றுகோலை ஊன்றி இறங்கி வந்து கட்டையில் உட்கார்ந்தார். ரிஸ்வான் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லிமுடித்தான்.

"அப்ப அந்தச் சண்டையே வராதா?"

"வராது காக்கா."

"நான் சோறு குடுத்த பொடியன்மாரும் சாகல்ல, அந்த ஊர்ச் சனமும் சாகல்ல." ஊன்றுகோலை மடியில் கிடத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, அண்டைக்குப் போயா, முழு நிலவு. நிலவு காலத்துல மீன் படாது, நாங்க ஆழக்கடலுக்குப் போறல்ல. கரையில இரிந்து கிழிஞ்ச வலைதான் பொத்தியிருப்பன். பொய் எழுதாதீங்க."

"அப்ப எழுத வாணாம் காக்கா. விடுவம்" என்றான் ரிஸ்வான்.

"நான் இஞ்சதானே இரிக்கன். அது வேற சலீம். எழுதுங்க."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, போகிறவர்களுக்கான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது. வெள்ளிக்கிழமை மதியம் காத்தான்குடியில் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். வாவி இறால் வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு முன் கரைக்குப் போங்கள். நான் வாங்கியது கிலோ 1,800. திரும்பும் பஸ்ஸை 4.30க்குப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் வீடு. ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி அவசியம். ஆட்டோக்காரரிடம் அமெரிக்க அரசியல் பேசுங்கள், தப்பில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சலீம் காக்கா வீட்டு மண்டபத்தில் அத்தியாயத்தை எழுதினோம். அலை வருமுன், காலை எட்டு மணியோடு நிறுத்துவது, அலையை எழுதுவதில்லை என்று முடிவு. இதுவரை எங்கள் வரலாற்றில் ஜனாதிபதிகளும் செனட்டர்களும்தான் வந்திருக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் நுழைவது இதுதான் முதல்முறை. கடைசி வாக்கியத்தை ரிஸ்வான்தான் தட்டச்சு செய்தான்: 'அன்று காலை சலீம் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்.' வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தான்.

"வலைய எதால இழுத்துப் புடிச்சிருந்த எண்டு போடல்லியே?"

"எதால காக்கா?"

"கால் பெருவிரல்ல மாட்டித்தான் இழுத்துப் புடிக்கிற. நான் எப்பவும் வலது காலால. அதையும் போடு."

ரிஸ்வான் போட்டான்.