கொக்குக்கு விட்ட மூலை

கடிதம் தவிர வேறெதுவும் எழுதியறியாதவன் நான். ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புத்துறையில் கிழிந்த மீன்வலைகளைப் பொத்துவது என் தொழில். அச்சுவேலியில் தனியாக இருந்த ஒருவர், பின்வளவில் வெட்டிய மீன்குளத்துக்கு மேலே வலை கட்ட என்னை அழைத்தார். கொக்குகள் மீனை விட்டுவைக்கவில்லையாம். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். தன் தாரா வாத்துகளைக்கூட, "அங்காலை போங்கோ பிள்ளையள்" என்று மரியாதையாகத்தான் கரையிலிருந்து விரட்டினார்.

கடைசி மூலைக்கு வந்தபோது தடுத்தார்.

"உந்த மூலையைக் கட்டாமல் விடும், தம்பி."

"கொக்கு உள்ளுக்கை வந்திடுமே, அண்ணை?"

"ஒண்டு மட்டும் வரட்டும். நொண்டிக் கொக்கு. விடிய நான் தேத்தண்ணி குடிக்கேக்கை உதுதான் பக்கத்திலை நிக்கிறது."

"பிறகு மீன் மிஞ்சாதே!"

"மிஞ்சினால் ஆர் தின்னுறது?"

அவர் தேத்தண்ணி போட உள்ளே போனார். ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பழக்கத்தில் அந்த மூலையையும் இறுக்கி முடிந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் முடிச்சை அவிழ்த்தேன். கொக்கு வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று நான் தேத்தண்ணி குடித்தேன்.