மூக்குக்குப் பின்னால் ஒரு சதை

என் மகள் பொய் சொல்கிறாள் என்று ஏறக்குறைய ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. காது கேட்காத மாதிரி நடிக்கிறாள் என்பதுதான் அவள் மேல் நான் வைத்திருந்த குற்றச்சாட்டு. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இரண்டாம் தடவையும் திரும்ப மாட்டாள். மூன்றாம் தடவை நான் தொண்டை கிழியக் கத்தும்போது, ஒன்றுமே நடக்காத முகத்தோடு திரும்பி, "என்னம்மா?" என்பாள். அந்த "என்னம்மா"வைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் டீச்சர். கல்லலில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பதினாலு வருஷம் சின்னப் பிள்ளைகளோடு குப்பை கொட்டியாகிவிட்டது. எது நிஜ வயிற்றுவலி, எது வீட்டுப்பாடம் எழுதாததால் வந்த வயிற்றுவலி என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. சந்தேகப்படுவது என் வேலையில் பாதி என்றே நினைத்திருந்தேன்.

வீட்டிலும் அவளைச் சோதித்துப் பார்த்தேன். அவள் படம் வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று தட்டைக் கீழே போட்டேன். சட்டென்று திரும்பினாள். அடுத்த நாள் அதே இடத்தில் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. சில நாள் நன்றாகக் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. தட்டு விழுந்தால் கேட்கிறது, அம்மா கூப்பிட்டால் கேட்பதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வேண்டும் என்றால் கேட்கும், வேண்டாம் என்றால் கேட்காது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அவளுக்கு வருஷம் முழுக்க சளி. மூக்கால் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை, வாய் எப்போதும் திறந்தே இருக்கும். "வாயை மூடு, ஈ போயிரும்" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வேன். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். யாரையும் எதையும் எளிதில் நம்புகிற மனிதர். அவருக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் நான்தான் சந்தேகப்படுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அவள் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கணவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"கொஞ்சம் இங்குட்டு வந்து பாரு. குறட்டை விட்டுக்கிட்டே இருந்தா, திடீர்னு மூச்சே இல்லாத மாதிரி நிக்கிது. அப்புறம் திணறிக்கிட்டு இழுக்குறா."

"உங்க வீட்ல யாருக்குக் குறட்டை இல்ல? நீங்க விடுற குறட்டைக்கு ஓடு பிரியலையேன்னு நானே பயந்துபோயி இருக்கேன். அவள மட்டும் என்ன சொல்றீக?"

சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் காற்று போகிற சத்தமே இல்லை. நான் மனசுக்குள் நாலு எண்ணினேன். ஐந்தாவது எண்ணுவதற்குள் ஒரு திணறலோடு மூச்சு வந்தது. அந்த வாரமே காரைக்குடிக்குக் கூட்டிப் போனோம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னவர். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார், மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே, அடினாய்டு என்று ஒரு சதை இருக்கிறதாம். எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டாம். வளர வளர அதுவே சுருங்கிவிடுமாம். இவளுக்கு அது பெருத்துப்போய் மூக்கு வழியை அடைத்துக்கொண்டிருக்கிறதாம்.

"உடனே ஆபரேஷன் வேணாம். மூக்குல அடிக்கிற மருந்து தர்றேன். மூணு மாசம் பார்ப்போம். காதுலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேக்குதான்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார்.

"காதெல்லாம் நல்லாக் கேக்கும் டாக்டர். அவளுக்கு வேணும்னா கேக்கும்" என்றேன்.

மூக்குக்கு என்று வந்தால் காதுக்கு டெஸ்ட் எழுதுகிறாரே, இதுதான் இவர்கள் வழக்கம் என்று எனக்குள் மணி அடித்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னதுகூட எனக்குத் திருப்தியாக இல்லை. முதல் நாளே கத்தி என்றால் ஓடிவிடுவோம் என்று தூண்டில் போட்டு வைக்கிறார் என்று நினைத்தேன். அறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். மனுஷன் என்னதான் செய்வார். டெஸ்ட் எடுக்காமலே பஸ் ஏறிவிட்டோம்.

பள்ளியில் இதைச் சொன்னபோது பக்கத்து வகுப்பு டீச்சர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். "பிள்ளைகளுக்குக் கத்தி வைக்கன்னே உக்காந்திருக்காக டீச்சர். அந்தச் சதைய எடுத்துட்டா உடம்புல எதிர்ப்புச் சக்தியே போயிருமாம். சும்மாவா ஆண்டவர் வச்சாரு?"

பிப்ரவரியில் எங்கள் கோயிலில் தொண்டைக்குக் காவலான புனிதரின் திருநாள். இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டி, கழுத்தில் வைத்துப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். மகளை வரிசையில் முன்னால் நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்ட பாதிரியார், "ஆசீர்வாதம் இருக்கட்டும்மா, மூணு மாசம் கழிச்சு டாக்டர்ட்ட போறத விட்டுறாதீக" என்றார். இவருக்கே நம்பிக்கை இல்லையா என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

வெயில் காலம் வந்ததும் சளி குறைந்தது, குறட்டையும் குறைந்தது. பார்த்தீர்களா என்று கணவரிடம் சொன்னேன். அதோடு மூக்கு மருந்தையும் டாக்டரையும் மறந்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் என் வகுப்புக்கே வந்துவிட்டாள். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு ஒரே பிரிவு, அதனால் வேறு வழியும் இல்லை. வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாளே அவளைக் கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். டீச்சர் பிள்ளையை முன்னால் உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தன் பிள்ளைக்கு ஒரு மார்க் குறைத்தே போடுவார்கள், அடி விழுந்தால் முதல் அடி தன் பிள்ளைக்கே விழும். அதை நியாயம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஆகஸ்டில் ஒரு நாள் சொல்வதெழுதல் வைத்தேன். பத்து வார்த்தை. முதல் நாள் ராத்திரி வீட்டில் அத்தனையும் ஒரு தப்பில்லாமல் எழுதிக் காட்டியிருந்தாள். வகுப்பில் நான் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போகிறேன். நாலாவது வார்த்தையில் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் இருக்கிற பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். என் மகள், என் கண் முன்னாலேயே.

நோட்டைப் பிடுங்கினேன். "எதுக்குப் பாத்து எழுதுன?" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். வேறு பிள்ளையாக இருந்தால் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு விட்டிருப்பேன். இவளை அந்தப் பாடவேளை முடிகிறவரை வெளியே வராந்தாவில் நிற்க வைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "காது கேக்கலன்னு நடிச்ச, இப்ப காப்பியும் அடிக்க ஆரம்பிச்சுட்ட" என்றேன். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கணவருக்கு அபூர்வமாகத்தான் கோபம் வரும். அன்றைக்கு வந்தது. "நீ வந்தா வா, வராட்டி இரு. நாளைக்குக் கடைய அடைச்சுட்டு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அவள் நடிப்பை டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

டெஸ்ட் எடுக்கிற அறையில் ஒரு கண்ணாடிச் சன்னல். அந்தப் பக்கம் மகள் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். டெஸ்ட் எடுக்கிற பெண் பொத்தானை அழுத்துகிறாள், இவள் கையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டி அழுத்துகிறாள், அப்போதும் இல்லை. ரொம்பக் கூட்டிய பிறகுதான் கை மேலே போனது.

"இப்படித்தான்மா வீட்லயும் பண்ணுவா. நடிப்பு" என்றேன்.

அந்தப் பெண் எழுந்து கதவைத் திறந்தாள். மகளை வெளியே அழைத்து, வேறொரு மெஷினில் காதுக்குள் சின்ன ரப்பர் முனையை வைத்தாள். கையைத் தூக்க வேண்டாம், பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். திரையில் ஒரு கோடு ஓடியது. "காது ஜவ்வு சரியா அசைஞ்சா இந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கும்" என்றாள். கோடு ஏறவே இல்லை. மற்ற காதிலும் அப்படியே தரையாகப் போனது. "இதுல யாராலயும் நடிக்க முடியாது மேடம்" என்றாள். குத்திச் சொன்ன மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பெருத்த சதை மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாயின் வாயை அடைத்திருக்கிறது, அதனால் இரண்டு காதிலும் ஜவ்வுக்குப் பின்னால் நீர் கட்டிக் கெட்டியாகிக் கிடக்கிறது என்று டாக்டர் விளக்கினார். "காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டா எப்படி இருக்குமோ அப்படி. சளி குறைஞ்சா கொஞ்சம் நல்லாக் கேக்கும், கூடினா கேக்காது. பக்கத்துல பேசினா கேக்கும், தள்ளி நின்னா கேக்காது" என்றவர், மகள் பக்கம் குனிந்து சத்தமாகக் கேட்டார். "பாப்பா, கிளாஸ்ல எந்த பெஞ்ச்சுல உக்காருவ?"

"கடைசி பெஞ்ச். டீச்சர் பிள்ளைய முன்னாடி உக்கார வச்சா ஊர் பேசும்."

டாக்டருக்குப் புரியவில்லை. "யாருங்க அந்த டீச்சர்? அவங்ககிட்ட சொல்லி முதல்ல முன்னாடி மாத்தச் சொல்லுங்க."

"நான்தான் டாக்டர்" என்றேன்.

அவர் மருந்துச் சீட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாசம் மருந்தும் ஒழுங்காக அடிக்கவில்லை, திரும்பக் கொண்டுவந்து காட்டவும் இல்லை, இனிக் காத்திருக்க முடியாது, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். இவ்வளவுக்குப் பிறகும் என் சந்தேகம் அடங்கியது என்று சொன்னால் அதுதான் பொய். டார்ச் அடித்தால் தொண்டையில் கண்ணுக்குத் தெரிகிற டான்சிலை விட்டுவிட்டு, யாராலும் பார்க்க முடியாத இடத்தில் இருப்பதை எடுக்கிறேன் என்கிறாரே. "டான்சிலும் வீங்கித்தானே இருக்கு, அதையும் சேத்து எடுத்துருங்களேன்" என்று ஆழம் பார்த்தேன்.

"கொஞ்சம் பெருசா இருக்குங்கறதுக்காக டான்சிலை எடுக்க மாட்டோம்மா. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை காய்ச்சலோட தொண்டை வலி வரணும், இல்ல பக்கத்துல சீழ் கட்டணும், இல்ல அதுவே மூச்சை அடைக்கணும். இவளுக்கு மூணும் இல்ல. இங்க அடைக்கிறது அடினாய்டு. அதை மட்டும் எடுத்துட்டு, காது ஜவ்வுல சின்னதாக் கீறி நீரை உறிஞ்சிடுவேன்."

எதிர்ப்புச் சக்தி போய்விடுமா என்று கேட்டேன். உடம்பில் அந்த வேலைக்கு வேறு இடங்களும் இருக்கின்றன என்றார். எடுத்ததைக் கண்ணில் காட்டுவீர்களா என்று கேட்டேன். காட்டுகிறேன் என்றார். சொன்னபடியே, ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கறிக்கடையில் ஒதுக்கிப் போடுகிற கொழுப்பைப் போலச் சிவப்பும் வெளுப்புமாகக் கொஞ்சம் சதைத் துணுக்கு. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, அங்கேயே சுவரோரமாக நின்று அழுதேன். வராந்தாவில் அவளை நிற்க வைத்தது இந்தத் துணுக்குக்காகத்தானே.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியெல்லாம் பஸ் ஏன் இவ்வளவு கத்துகிறது என்று அவள் காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். குரல் கொஞ்ச நாளைக்கு மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்படித்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அதைப் பார்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நானும் கணவரும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தோம். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கஞ்சி கொடுப்பதா, குழைந்த சோறு கொடுப்பதா என்று. கூடத்திலிருந்து, "எனக்குச் சோறு" என்று சத்தம் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் எழுந்து வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே எனக்குத் தெரியாமப் பேசிக்க மாட்டீகளாம்மா?"

"உனக்குத் தெரியாம என்னடி பேசுனோம்?"

"நீங்களும் அப்பாவும் எனக்குக் கேக்கக் கூடாதுன்னு மெதுவா மெதுவாப் பேசிக்குவீகள்ல. கிளாஸ்லயும் எல்லார்ட்டயும் சொல்லுவீக, எனக்கு மட்டும் சொல்ல மாட்டீக. நான் என்ன தப்புப் பண்ணேன்னு யாருமே சொல்லல. அதான் அன்னைக்குப் பக்கத்துல பாத்தேன், என்ன சொன்னீகன்னு."

அடுப்பை அணைத்தேன். கீழே உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கக் கூடாதென்று நாங்கள் ஒரு நாளும் மெதுவாகப் பேசியதில்லை, அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை, தப்பெல்லாம் என்னுடையதுதான் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள். சரி என்று தலையாட்டினாள். நம்பித்தான் ஆட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.