மூடாத இடக்கண்

ஸ்வீடனில் நான் வாங்கிய வேட்டைத் துப்பாக்கியால் குறி பார்க்கும்போது ஒரு கண்ணை மூடக் கூடாது. வேட்டைத் தேர்வில் தேறி, முதன்முறை சுடப் பழகப் போன அன்று, பக்கத்துப் பண்ணைக்காரர் லார்ஸ் என் முகத்தைப் பார்த்து "போடா, போடா!" என்று கத்தினார். பிழைக்க வந்த இடத்திலும் விரட்டுகிறார்களே என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் தன் கண்கள் இரண்டையும் விரலால் விரித்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது: அவர்கள் பேச்சில் 'போடா' என்றால் 'இரண்டும்'. துப்பாக்கியின் மேலே ஒரு சின்னக் குழாய். அதன் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. வலக்கண் புள்ளியைப் பார்க்க, இடக்கண் காட்டைப் பார்க்க, இரண்டும் ஒரே காட்சியாகிவிடும். எனக்கோ இடக்கண் தானாகவே மூடிக்கொண்டது. அண்ணனைப் பார்த்து வந்த பழக்கம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை; வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வோம். காய் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். எண்பத்திரண்டில் ஒரு சாயங்காலம் அண்ணன் தன் லைசென்ஸ் துப்பாக்கியோடு வரப்பில் மண்டியிட்டார். "சத்தம் போடாத. அதோ, தின்னுக்கினு நிக்குது பாரு" என்று இடக்கண்ணை இறுக மூடினார். மூடிய பக்கத்திலிருந்து இன்னொன்று பாய்ந்தது. "அண்ணே!" என்று நான் அலறுவதற்குள் அது அவர் தொடையை எலும்புவரை கிழித்துவிட்டது. மண்வெட்டியால் அடித்தேன். மண்டை பிளந்து, அது அசையாமல் போன பிறகும் அடித்துக்கொண்டே இருந்தேன். டிராக்டரில் போட்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது, கால் போயிற்று.

போன அக்டோபரில் லார்ஸோடு எல்ய் வேட்டைக்குப் போனேன். எல்ய் என்பது குதிரை உயர மான். எனக்கு நேரே ஒரு குட்டி நின்றது. புள்ளியை அதன் விலாவில் வைத்த நொடியில், திறந்திருந்த இடக்கண்ணில் ஏதோ அசைந்தது. லார்ஸ் சுட்டுக் காயம்பட்ட எல்ய் கடா ஒன்று, சேற்றில் சறுக்கி விழுந்து கிடந்த அவரை நோக்கியே ஓடிவந்தது. திரும்பிச் சுட்டேன். குண்டு கழுத்தில் பாய்ந்தும் அது நிற்கவில்லை. மறுபடி சுட்டேன். அவர் காலடியில் விழுந்து துடித்தது; அதன் ரத்தம் அவர் தாடியெல்லாம் தெறித்தது. அவர் ஏதோ கத்தினார். திட்டுகிறார் என்றே நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணன் கணக்கெழுதும் மல்லாட்டை மண்டிக்கு டிரங்க்கால் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் பொழச்சிக்கினாரா?" என்றார்.

"பொழச்சிக்கினாருண்ணே."

"நல்லதுடா." பிறகு கேட்டார்: "இங்க பன்னிங்க எறங்கிக்கினுதான் இருக்குது. நீ அங்க குந்திக்கினு யாரு கொல்லையடா காவல் காக்குற?"

அவர் குரலுக்குப் பின்னால் மூட்டைகள் தொப்பென்று இறங்கும் சத்தம். என் ஜன்னலுக்கு வெளியே, மரத்தில் தொங்கவிட்ட கடாவின் தோலைப் பாதி உரித்துவிட்டு லார்ஸ் என்னைக் கையசைத்து அழைத்தார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டே, வருகிறேன் என்று அவருக்குக் கைகாட்டினேன்.