பொந்தைக்கு ஆகாத சேலை

பழைய சேலைகளை அடுக்காக விரித்து, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் நெருக்கமாக நூலோட்டித் தைக்கிற போர்வைக்கு ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பொந்தை என்று பெயர். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டார் கொடுத்த சொல் அது. மழை ஓய்ந்து மலைப்பக்கமிருந்து குளிர் இறங்கியதும் பெண்கள் கந்தல் மூட்டையோடு என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். மிஷன் பள்ளி விடுதியில் வெள்ளைக்காரத் துரைசானி எனக்குக் கற்றுக்கொடுத்தது கைக்குட்டை மூலையில் ரோஜாப்பூ போடுவதுதான். அந்த ரோஜாவில் ஒருவரும் மூக்குத் துடைத்ததாக எனக்குத் தெரியாது. பொந்தை தைக்க நானாகத்தான் பழகிக்கொண்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் புருஷன் பட்டாளத்தில் எங்கேயோ இருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பிறக்கப் போகிற பிள்ளைக்குப் பொந்தை தைக்க உட்கார்ந்தேன். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை.

பச்சைப்பிள்ளையைப் புதுத்துணியில் போடக்கூடாது, பழந்துணிதான் மெத்தென்று இருக்கும். அது நியாயம். ஆனால் யாருடைய பழந்துணி என்பதில்தான் என் மாமியாருக்கு அத்தனை ஆராய்ச்சி. ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்து வந்தார். பக்கத்துத் தெலுங்கு வீட்டம்மாவின் சேலை ஒன்று, அவருடையதே ஒன்று, எங்கள் சபை உபதேசியார் மனைவியுடையது ஒன்று. உபதேசியார் மனைவிக்கு ஏழு பிள்ளைகள். ஒன்றுக்காவது மூக்கைச் சிந்திவிட அவளுக்கு நேரமிருந்ததில்லை. என்றாலும் ஏழு ஏழுதானே.

என் மாம்பழநிறச் சுங்குடியைத் துவைத்து மடித்து நானும் அந்த அடுக்கில் வைத்தேன். மாமியார் அதை இரண்டு விரலால் எடுத்துப் பெட்டிமேல் போட்டார்.

"ஏட்டி, இது வேண்டாம்."

"ஏன் அத்தை? பஞ்சு மாதிரில்லா இருக்கு."

"பிள்ள பெத்தவ சேலதான் வைக்கணும்."

"சகுனம் பாக்கது அஞ்ஞானம்னு நீங்கதான சொல்லுவிய?"

"இது சகுனமில்ல. வழக்கம்."

பூனை குறுக்கே போனதென்று வழியில் திரும்பி வந்த ஒருத்தரைப் பார்த்து ஒரு வாரம் சிரித்தவர் இவர். ஊரில் மற்றவர்கள் செய்தால் அஞ்ஞானம், எங்கள் வீட்டில் செய்தால் வழக்கம். என் விரல் அந்தப் பொந்தைக்கு ஆகும், என் சேலை ஆகாது. விரல் மட்டும் என்ன வேறொருத்தி கையிலா முளைத்திருந்தது?

நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்து பொரிகடலை மென்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. மென்றுகொண்டே இருந்தாள். மாமியார் பேச்சு எனக்குப் பழகிப்போனது, அதற்கு நான் வருந்தவில்லை. இவள் வாய் திறக்காததுதான் சுட்டது. பிறக்கிற பிள்ளைக்கு நான் அத்தையா, இல்லை பொந்தை தைத்துக் கொடுக்கிற ஒரு பொம்பளையா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

கேட்காமல் தைத்தேன். சேலைகளைத் தரையில் விரித்து, தண்ணீர் தெளித்து, சுருக்கம் போக இழுத்து, மூலைக்கு மூலை அம்மிக்குழவியும் ஆட்டுரல் குழவியும் அரிசி அளக்கிற படியும் இஸ்திரிப்பெட்டியும் பாரம் வைத்தேன். நடுவில் எழுந்து குழம்புக்குத் தாளித்தேன், கோழியை விரட்டினேன். ஓரத்துக்கு நான்கு வரிசை முடித்து நடுப்பக்கம் வந்துகொண்டிருந்தபோது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு நூல் தீர்ந்துபோனது.

மில் புகைபோக்கி தெருவெல்லாம் தெரிகிற ஊர். மில்லிலிருந்து வருகிற ஆட்கள் தலையெல்லாம் பஞ்சோடு வருவார்கள். அந்த ஊரில் ஒரு உருண்டை தையல்நூல் கிடைக்காது, யுத்தமாம். எல்லா நூலும் யாருக்கோ எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அதனால் நாங்கள் சேலைக் கரையிலிருந்து நூல் உருவி, இரண்டிரண்டாக முறுக்கித் தைத்துக்கொள்வோம். உபதேசியார் மனைவி சேலையில் உருவிப் பார்த்தேன். அறுந்தது. மாமியாருடையதும் அறுந்தது. தெலுங்கு வீட்டம்மாவின் சேலையில் கரை என்று ஒன்றே இல்லை, பிள்ளைகள் இழுத்து இழுத்து நைந்திருந்தது.

மாமியார் பெட்டிப் பக்கம் பார்த்தார்.

"ஏட்டி, உன் சேலக் கரை கெட்டியா இருக்கும். அதுல உருவேன். பிள்ள குட்டி பிடிச்சு இழுக்காத சேலல்லா."

அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

"துணிக்கு ஆகாதது நூலுக்கு மட்டும் ஆகுமா அத்தை?"

"நூலு வேற, துணி வேற. நூலுக்கு என்ன தெரியும்?"

நூலுக்கு எதுவும் தெரியாதாம், துணிக்கு மட்டும் எல்லாம் தெரியுமாம்! ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தேன். "துணியா வச்சா நூலும் தாரேன். இல்லன்னா ரெண்டும் கிடையாது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு நூலுக்கா ஏட்டி இம்புட்டு?" என்றார். வேட்டியில் மஞ்சள்கறை பட்டால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன். விரித்திருந்த பொந்தையைத் தாண்டிப் போய்ச் சோறு கேட்டார். போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசி தொடக்கூடாது. சட்டையில் பொத்தான் தெறித்தால்கூடத் திங்கள் வரைக்கும் கையால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கோவிலுக்குப் போனோம். மாமியார் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்து, போதகர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பாதிப் பொந்தை வீட்டில் தரையில் கிடந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து செத்த நேரத்தில் நாத்தனாருக்கு வலி கண்டது. கணக்குப்படி இன்னும் நாளிருந்தது. பிள்ளை கணக்கைக் கேட்டுக்கொண்டா வரும்? வெளியே தூறலும் ஊதக்காற்றும். மருத்துவச்சிக்கு ஆள் போயிற்று. மாமியார் அங்குமிங்கும் நடந்தார். அப்புறம் என் முன்னால் வந்து நின்றார்.

"ஊசிய எடு ஏட்டி. ஆபத்துக்குத் தோஷமில்ல."

அதற்கு வேதத்திலிருந்து வசனமும் ஒன்று சொன்னார். எது வேண்டுமோ அதற்கு அவரிடம் வசனம் இருக்கும்.

"நூலு?" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். நானும் அசையவில்லை. கட்டிலில் ஒருத்தி துடிக்கும்போது வீம்பா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அந்த வீட்டில் சாகும்வரைக்கும் நூலாகவே இருந்திருப்பேன்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, மைனி சேலய மேல போடுங்க. அடியில இல்ல, மேல. எம்பிள்ளைக்கு அவிய அத்தை. மாட்டேன்னா பொந்தையே வேண்டாம், வெறுந்தரையில போடுங்க."

முந்தின நாள் பொரிகடலை மெல்லும்போது இதைச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு சொல்ல இவளுக்கு இடுப்புவலி வர வேண்டியிருந்தது. இருந்தாலும் சொன்னாள். மாமியார் பெட்டிமேலிருந்து சேலையை எடுத்து என் மடியில் வைத்தார். இந்தத் தடவை இரண்டு கையாலும்.

ஒரு பக்கக் கரையைக் கிழித்து நூல் உருவினேன். மீதியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே விரித்து, பழைய தையலோடு சேர்த்து ஓட்டினேன். நான் தைத்ததிலேயே கோணல்மாணலான பொந்தை அதுதான். வரிசை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. மடக்கிய ஓரம் ஒரு பக்கம் பட்டையாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் இருந்தது. துரைசானி பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பாள்.

பிறந்தது பெண்பிள்ளை. திங்கட்கிழமை காலையில் மருத்துவச்சி அதைக் குளிப்பாட்டிப் பொந்தையில் போட்டாள். போட்ட மாத்திரத்தில் பிள்ளை ஒன்றுக்கு இருந்துவிட்டது. மாமியார் ஈரப் பொந்தையைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, உன் சேலய நனைச்சிட்டா பாரு. அலசிப் போடு."

கிணற்றடிக்கு எடுத்துப்போனேன். அங்கே நின்று அழுதேன். ஒரு மூத்திரத்துணிக்கா இந்த அழுகை என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அழுகை நிற்கவில்லை, சந்தோஷமாகவும் இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டு வாளி இறைத்து அலசி, வெயில் விழுந்த மதில்மேல் மாம்பழநிறம் வெளியே தெரிய விரித்துப் போட்டேன்.

தெலுங்கு வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் சேலை எங்கே என்று தேடியிருப்பாள் போலிருக்கிறது.

"மேல இருக்கது யாரு சேல?" என்றாள்.

"என் சேலைதான்" என்றேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படியாக.